நித்திரை வராத இரவுகளுக்கு: படம் கீறத் தெரியாதவர்கள் கீறத் தொடங்குவது எப்படி

"எனக்குப் படம் கீறவே வராது" என்று சொல்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நன்றாகக் கீறுபவர்களுக்குப் படம் வடிவாக வருகிறதா என்ற கவலையே பெரிதாகிவிடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அப்பா தவறிய பிறகு கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் எனக்கு நித்திரை போய்விட்டது. கடற்கரைப் பக்கம் கடைசி ரயில் போன பிறகும் முழித்துக்கொண்டு கிடப்பேன். கதைக்க ஆட்கள் இருந்தார்கள், சொல்லத்தான் சொல் வரவில்லை. அப்படி ஒரு இரவில்தான் மகளின் பேஸ்டல் பெட்டியைத் திறந்தேன்.

காசநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது படம் கீறித் தேறிய ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில், 1942இல் இதற்குக் 'கலைச் சிகிச்சை' என்று பெயர் வைத்தார். நம் நாட்டிலும் 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரில் அடிபட்ட பிள்ளைகள் களிமண்ணோடும் நிறங்களோடும் கதைகளோடும் இருந்து மெல்ல மெல்லத் தேறினார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்து நடத்துவதுதான் முறையான கலைச் சிகிச்சை. நான் இங்கே சொல்வது வீட்டில் நீங்களே செய்யக்கூடிய சின்னப் பழக்கம்.

சாமான்கள். ஒரு சீ.ஆர். கொப்பி (கெட்டி அட்டை போட்ட எழுதும் கொப்பி), ஒரு பெட்டி ஒயில் பேஸ்டல். பன்னிரண்டு நிறம் தாராளம். கொப்பியில் கோடு போட்டிருந்தாலும் பரவாயில்லை. நல்ல தாள் வாங்காதீர்கள், வாங்கினால் அதைப் பழுதாக்கப் பயம் வரும். வோட்டர் கலரும் இப்போதைக்கு வேண்டாம். கொழும்பின் மழை மாதங்களில் அது காய நேரம் எடுக்கும், தாளும் சுருளும். பேஸ்டலுக்குத் தண்ணியும் வேண்டாம், பிரஷும் வேண்டாம். ஆனால் அது முழுதாகக் காயாது, எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். இடையில் ஒரு பழைய பேப்பர்த் துண்டை வையுங்கள்.

நேரம். சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்த பிறகு இருபது நிமிடம். ஃபோனை மற்ற அறையில் வையுங்கள். சின்ன ஃபிளாட்டில் தனி அறை கிடைக்காது என்பது தெரியும். எனக்கும் குசினி மேசைதான்.

கிறுக்கல். இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். ஒரு நிறத்தைக் கையில் எடுங்கள். ஏன் அந்த நிறம் என்று யோசிக்க வேண்டாம். கண்ணை மூடுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கை மேலே போகட்டும், வெளியே விடும்போது கீழே வரட்டும். பேஸ்டலைத் தாளை விட்டு எடுக்காமல் ஒரு நிமிடம் அப்படியே ஓடவிடுங்கள். தோளில் இருந்து கையை அசைத்தால் கோடு தாராளமாக வரும், விரலால் மட்டும் கீறினால் இறுகிப்போகும். கோபம் இருந்தால் அழுத்துங்கள். பேஸ்டல் உடைந்தால் உடையட்டும்.

பிறகு கண்ணைத் திறந்து, கொப்பியை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எங்கோ ஒரு வளைவு மீன் போல, தோள் போல, படிக்கட்டுப் போலத் தெரியும். தெரிவதை இன்னொரு நிறத்தால் நிரப்புங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் இடைவெளிகளை மட்டும் நிரப்புங்கள். அதுவும் போதும்.

கடைசியில் திகதியும், படத்துக்கு ஒரு பெயரும், கீழே ஓரிரு வசனமும். "இந்தப் படம் கதைத்தால் என்ன சொல்லும்?" என்று கேட்டு வருவதை எழுதுங்கள். எனக்கு ஐந்து நாளும் ஒரே மூலையில் ஒரு கறுப்புச் சதுரம் வந்தது. ஆறாம் நாள்தான் அது பல்கனியில் அப்பா இருக்கும் கதிரை என்று விளங்கியது. அன்றைக்குத்தான் முதன்முதல் அழுதேன்.

அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் தங்கள் பாட்டில் கலை வேலை செய்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேரின் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பதால் வித்தியாசம் வரவில்லை. மிச்சக் கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை. அதனால் ஒரு நாள் கீறியும் மனம் இறங்காவிட்டால், பிழை உங்களிடம் என்று நினைக்காதீர்கள்.

பழைய பயங்கரம் ஏதும் படத்தில் எழும்பி நெஞ்சு படபடத்தால் உடனே கொப்பியை மூடுங்கள். எங்கள் ஆட்களில் பலருக்கு 83 கலவரமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வந்தவையும் இருக்கின்றன. அவற்றைத் தனியே கிண்டக்கூடாது. காலை நிலத்தில் ஊன்றி, தண்ணி குடித்து, வேறொரு தாளில் புள்ளி வைத்துக் கோலம் போடுங்கள். எண்ணிப் போடும் வேலை மனதை இந்த மேசைக்குத் திருப்பிக் கொண்டுவரும்.

இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையும் சாப்பாடும் கெட்டுப்போனாலோ, உயிரை விடும் எண்ணம் ஒரு தரம் வந்தாலோகூட, கொப்பி போதாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த நிறுவகம் இருக்கும் அங்கொடை என்ற பெயரை ஏச்சாகப் பாவித்துப் பழகிவிட்டோம். அந்த வெட்கத்தால் பிந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து பிந்தாதீர்கள்.

கொப்பியை யாருக்கும் காட்டத் தேவையில்லை. வீட்டில் யாராவது "என்ன இது?" என்று கேட்டால், "சும்மா கீறினது" என்று சொன்னால் போதும். கிழிக்க வேண்டும் போல இருந்தால் அடுத்த நாள் காலை வரை பொறுத்து, பிறகு கிழியுங்கள்.