தூர் பிரிக்கப் பொங்கல் வரை காத்திருக்காதீர்கள்

மலேசியாவில் எங்கள் பகாவ் பக்கத்துத் தோட்ட வீடுகளில் தீபாவளிக்கு முன்பு சாயம் அடிப்பதிலும் பலகாரம் சுடுவதிலும் நாள் ஓடிவிடும். வாசலில் தூர் தூராக, அதாவது ஒரே அடியில் கிளைத்த கொத்தாக, அடைந்து நிற்கும் ஹெலிகோனியாவையும் (வாழை போன்ற இலையுள்ள பூச்செடி) கல்வாழையையும் பிரித்து நட யாரும் தொடுவதில்லை. பொங்கல் முடிந்து கை ஓய்ந்த பிறகுதான் மண்வெட்டி வெளியே வரும். முதல் தவறு அதுதான்; பெரிய தவறும் அதுதான்.

நம் பக்கம் அக்டோபர், நவம்பரில் நல்ல மழை. ஜனவரி கடைசியிலிருந்து வெயில் ஏறும். பக்கத்து மாவட்டமான ஜெலுபு, மலேசியாவிலேயே மழை குறைந்த வட்டாரங்களில் ஒன்று என்பதை மறக்க வேண்டாம். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் மண் உறைவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பே தூரைப் பிரித்து நட்டுவிடச் சொல்வார்கள். வேர் பிடிக்க அவ்வளவு நாள் வேண்டும். நாம் வறண்ட வெயிலிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். டிசம்பர் தொடக்கத்துக்குள் வேலை முடிந்திருந்தால் நல்லது.

ஒரு வருடம் பிப்ரவரியில் எங்கள் ஹெலிகோனியாத் தூரைப் பிரித்தேன். செம்மண் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு கிழங்குக்கு ஒரு தண்டு என்று 12 துண்டு போட்டு, இலைகளை அப்படியே விட்டு நட்டேன். மத்தியானத்துக்குள் எல்லா இலையும் சுருட்டு போலச் சுருண்டுவிட்டது. "ஏம்மா, வேரை வெட்டிட்டு இலையை மட்டும் விட்டு வெச்சிருக்கியே, அது எங்கேருந்து தண்ணி குடிக்கும்?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார். பத்து நாள் கழித்து ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். வெட்டிய இடம் பழுப்பேறியிருந்தது. ஒரு வெள்ளை வேர்கூட இல்லை.

பெரியம்மா சொன்னதுதான் சரி. வேர் குறைந்தால் இலையும் குறைய வேண்டும். ஹெலிகோனியாத் தண்டை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். பூத்து முடித்த தண்டு எப்படியும் காய்ந்துவிடும், அதைப் பாராங்கத்தியால் அடியோடு எடுத்துவிடலாம். தாமதமாகப் பிரித்தால் துண்டு பெரிதாக இருக்கட்டும்: மூன்று நான்கு தண்டும், முளைக்கிற கண்களும், ஒட்டிய மண்ணோடு. நிறையக் கன்று வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் அடக்கத்தான் வேண்டும். முதல் நாள் மாலை தூருக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் மாலை வெயில் தாழ்ந்த பிறகு தோண்டுங்கள். முன்பு இருந்த ஆழத்திலேயே நடுங்கள்.

கத்தியைத் துடைக்காமல் வாழையிலிருந்து நேராக ஹெலிகோனியாவுக்குப் போவது இன்னொரு தவறு. வாழையை வாட வைத்துக் கொல்லும் மோக்கோ நோய்க் கிருமி ஹெலிகோனியாவையும் பிடிக்கும், கத்தி வழியாகவும் பரவும். ஒவ்வொரு தூருக்கும் இடையே கத்தியைக் கழுவி நெருப்பில் காட்டுங்கள்.

மண்ணை மூடி ஈரம் காக்கும் மூடாக்குக்குச் செம்பனை வெற்றுக் குலை (பழம் உதிர்த்த எண்ணெய்ப்பனைக் குலை) அருமையான பொருள். ஆனால் குவித்து வைக்காதீர்கள். மட்கும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அப்புறம் தென்னைக்கும் செம்பனைக்கும் கேடு. ஒரே அடுக்காக, தண்டைத் தொடாமல் பரப்புங்கள்.

செராய் (எலுமிச்சைப் புல்), பண்டானுக்கு (சமையலுக்கு மணம் தரும் ரம்பை இலைச் செடி) இவ்வளவு கவலை வேண்டாம். செராயை ஒரு சாண் விட்டு வெட்டி, அடியில் வேர்த்துணுக்கு உள்ள தண்டாகப் பார்த்து நட்டால், தினம் தண்ணீர் கிடைக்கும்வரை பிழைத்துக்கொள்ளும். பண்டானில் விழுதுவேர் விட்ட பக்கக்கன்றை எடுங்கள்.

பிப்ரவரி வந்துவிட்டதா? தூரைத் தொடாமல் விட்டு, ஏப்ரல் மழைக்குக் காத்திருங்கள். ஏற்கெனவே தோண்டிவிட்டீர்கள் என்றால், தொட்டியில் வைத்து நிழலில் நிறுத்துங்கள். கோழி எருவோ தோட்டத்து உரமோ உடனே போட்டால் வெட்டுப்பட்ட வேர் கருகும். மூன்று நான்கு வாரத்தில் நடுவிலிருந்து பென்சில் போலச் சுருண்ட புது இலை எழும்பும். அதைப் பார்த்த பிறகு ஒரு கைப்பிடி உரம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.