பவல் என்ற வேல்ஸ் குடும்பப்பெயர்: வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாரணர் இயக்கத்தின் பேடன் பவலால் 'பவல்' நமக்குப் பழகிய பெயர். இங்கிலாந்தில் பால் என்ற பெயரிலிருந்து வந்த பவல்களும் சிலர் உண்டு. ஆனால் இந்தப் பெயரின் பெரும்பகுதி வேல்ஸில் பிறந்தது. வேல்ஸ் மொழியில் 'அப்' என்றால் மகன். 'அப் ஹவெல்', அதாவது ஹவெலின் மகன். பேச்சில் முதல் எழுத்து உதிர்ந்து பவல் ஆகிவிட்டது. அப் ரீஸ் பிரைஸ் ஆனதும், அப் ரிச்சர்ட் பிரிச்சர்ட் ஆனதும் இதே வழியில்தான்.

வேர் தேடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது ஓர் இடத்தில். குடும்பப்பெயர் என்றாலே தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மேலே போகப் போக அதே பெயர் வரும் என்று நம்பி, பதிவேடுகளில் 'பவல்' என்றே தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரு கட்டத்தில் யாரும் அகப்பட மாட்டார்கள். பதிவேடு தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பல சமயம் பதிவேடு பத்திரமாகத்தான் இருக்கும், பெயர்தான் மாறியிருக்கும்.

ஓர் உண்மையான குடும்பத்தைப் பாருங்கள். 1584-இல் வேல்ஸ் வரலாற்றை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்த பாதிரியார் டேவிட் பவல். அவருடைய தந்தை ஹவெல் அப் டேவிட். அந்தத் தந்தையின் பெயரில் பவலே கிடையாது! மகன்தான் 'ஹவெலின் மகன் டேவிட்', அதனால் டேவிட் பவல். பழைய வழக்கம் தொடர்ந்திருந்தால் பேரன் 'கேப்ரியல் அப் டேவிட்' ஆகியிருக்க வேண்டும். ஆனால் அவர் கேப்ரியல் பவல் என்றே அறியப்பட்டார். பெயர் உறைந்துபோனது இந்தத் தலைமுறையில்தான். தந்தை பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு இது புரியச் சிரமமில்லை: ஒரு தலைமுறையின் இனிஷியல், அடுத்து வந்த எல்லோருக்கும் நிலைத்துவிட்டது. ஆகவே கடைசி பவலை எட்டியதும், அதற்கு மேலே ஹவெல் என்ற முதற்பெயர் கொண்ட ஒருவரைத் தேடுங்கள்.

இந்த உறைதல் எப்போது நடந்தது? இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் 1536-ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கியது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அப்படி ஒரு விதி அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தால் வேல்ஸில் நீதிமன்ற மொழி ஆங்கிலம் ஆனது. குமாஸ்தாக்கள் ஆங்கில முறையில் பெயர் எழுதினார்கள். நிலமும் பதவியும் உள்ளவர்கள் முதலில் மாறினார்கள். இங்கிலாந்தை ஒட்டிய எல்லைப்புறத்தில் மாற்றம் சீக்கிரம் வந்தது. வடமேற்கு மலைப்பகுதிகளிலோ 'அப்' வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூட நீடித்தது. பொதுவான ஒரு வருடத்தை வைத்துக்கொண்டு தேடினால் வழி தவறும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் தேதி தனி.

அடுத்தது, ராஜ வம்ச ஆசை. ஹவெல் என்றதும், சட்டங்களைத் தொகுத்தவராகப் போற்றப்படும் 10-ஆம் நூற்றாண்டு மன்னர் ஹவெல் தாவிடம் கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறார்கள். ஹவெல் அந்த நாட்டில் சர்வசாதாரணமான பெயர். ஊருக்கு ஊர் ஹவெல்கள் இருந்தார்கள், அவரவர் பிள்ளைகளிடமிருந்து தனித்தனியாகப் பவல் குடும்பங்கள் கிளைத்தன. இரண்டு பவல்கள் சந்தித்தால் உறவாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. மறுபக்கம், கூடப்பிறந்த அண்ணன் பவல், தம்பி ஹவெல்ஸ் என்று பதிவாகியிருக்கலாம். 'பவல் குடும்பச் சின்னம்' என்று விற்கிறார்களே, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். அங்கே சின்னம் வழங்கப்படுவது ஒரு தனிமனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான், ஒரு பெயருக்கு அல்ல.

பெண்களைக் கணவர் பெயரில் மட்டும் தேடுவதும் தவறு. பழைய வேல்ஸில் திருமணத்துக்குப் பிறகும் பெண் தன் தந்தை பெயரோடுதான் இருந்தாள். 'வெர்ச்' என்று ஒரு சொல் பெயரின் நடுவே கண்ணில் பட்டால், அது 'மகள்'.

இரட்டைப் பெயரைப் பழையது என்று எண்ணுவதும் உண்டு. பேடன் பவல் குடும்பமே சான்று. சாரணர் நிறுவனரின் தந்தைக்கு முதற்பெயர் பேடன், குடும்பப்பெயர் பவல். அவர் 1860-இல் இறந்த பிறகு, 1869-இல் மனைவி ஹென்ரியட்டா இரண்டையும் சேர்த்துப் பிள்ளைகளின் குடும்பப்பெயர் ஆக்கினார். அதற்கு முந்தைய பதிவுகளில் அந்தப் பிள்ளைகள் வெறும் பவல்தான்.

சரி, எதைப் பிடித்துக்கொண்டு தேடுவது? ஊரையும் பண்ணையையும். ஒரே திருச்சபைப் பகுதியில் ஜான் பவல்கள் பலர் இருப்பார்கள். எந்தப் பண்ணை வீட்டு ஜான் என்பதுதான் அடையாளம். 1837 ஜூலையில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு தொடங்கியது. 1851 கணக்கெடுப்பு, பிறந்த ஊரைச் சொல்லும். அதற்கும் பின்னே போக, அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 1858-க்கு முந்தைய உயில்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஓர் உயிலில் மனைவி, மகன், மருமகன், பண்ணை எல்லாம் சேர்ந்தே வரும். பவல், பவெல், அப் ஹவெல், ஹவெல், ஹவெல்ஸ் என எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பாருங்கள்.