பாக்டீரியா செல்லுலோஸில் மருந்து ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் தேங்காய் உடைக்கும் களங்களில் முற்றிய தேங்காய்த் தண்ணீர் பெரும்பாலும் வீணாகத்தான் போகிறது. அதில் கொஞ்சம் சர்க்கரையும் அசெட்டிக் அமிலமும் சேர்த்து, கொமகட்டாய்பாக்டர் சைலினஸ் என்ற பாக்டீரியாவை விட்டு அசைக்காமல் வைத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் மேலே வெள்ளையாக ஒரு ஜவ்வு கட்டும். அது சுத்தமான செல்லுலோஸ். மரத்தில் இருப்பதுபோல லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் கலப்பு கிடையாது. 1886-லேயே பிரவுன் என்ற வேதியியலர் இதை விவரித்துவிட்டார். பிரேசிலில் பயோஃபில் என்ற பெயரில் தீக்காயத்துக்கு மேல் போடும் செயற்கைத் தோலாகவும் இது வந்தது. இந்த ஜவ்வில் மருந்தை ஏற்றி, மெதுவாக வெளியேறும்படி செய்வது, செலவு குறைவு என்பதால், நம் மதுரை வட்டாரத்து பயோடெக், பார்மசி மாணவர்களுக்கு அருமையான ப்ராஜெக்ட். சின்னச் சின்னக் கவனக்குறைவால் அது வீணாகிவிடக் கூடாது.

வெறும் ஜவ்வை மருந்துக் கரைசலில் ஊறவைத்தால், ஏறிய வேகத்திலேயே மருந்து வெளியே வந்துவிடும். பிடித்துவைக்க அதில் ஹைட்ராக்சில் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதனால்தான் வேதிமாற்றம் செய்கிறோம். டெம்போ (TEMPO) என்ற வினையூக்கியை வைத்துச் செய்யும் ஆக்சிஜனேற்றம், குளுக்கோஸ் அலகின் ஆறாம் கார்பனில் எதிர்மின் கொண்ட கார்பாக்சில் தொகுதியைக் கொடுக்கும். பெர்அயோடேட் என்ற ஆக்சிஜனேற்றி இரண்டாம், மூன்றாம் கார்பன்களுக்கு நடுவிலுள்ள பிணைப்பை உடைத்து ஆல்டிஹைடுகளைக் கொடுக்கும். அசெட்டைல் ஏற்றினால் நீர் விருப்பம் குறையும். மருந்தைப் பிடித்தது இந்த மாற்றம்தான் என்று காட்டுவதில்தான் ப்ராஜெக்ட்டின் உயிரே இருக்கிறது. தவறுகளும் அங்கேதான் அதிகம்.

முதலில் எடை. ஜவ்வில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர். ஈர எடை 100 கிராம் என்றால் உள்ளே செல்லுலோஸ் 1 கிராம்தான், அதாவது சுமார் 6.2 மில்லிமோல் குளுக்கோஸ் அலகுகள். அலகுக்கு ஒன்று வீதம் சோடியம் பெர்அயோடேட் சேர்க்க 1.3 கிராம் போதும். ஈர எடையை வைத்துக் கணக்குப் போட்டால் 130 கிராமுக்கு மேல் வரும்! அதே ஜவ்விலிருந்து ஒரு துண்டை வெட்டி, உலர்த்தி எடை பார்த்துவிட்டு அப்புறம் ரசாயனத்தை எடுங்கள். மருந்து எவ்வளவு ஏறியது என்பதையும் உலர் எடைக்குத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது வளர்ப்பு. இந்தப் பாக்டீரியாவுக்குப் பிடித்தது 28 முதல் 30 டிகிரி. சித்திரை மாதத்து மதுரையில், ஏசி இல்லாத அறையின் மேசையில் வைத்துவிட்டு ஜவ்வு கட்டவில்லை என்று புலம்பிப் பயனில்லை. குளிர்விக்கும் வசதியுள்ள இன்குபேட்டர் வேண்டும். அசைக்கவும் கூடாது.

கழுவும் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பக்கம் பல கல்லூரிகளின் லேப் குழாயில் வருவது போர்த் தண்ணீர். கெட்டிலில் வெள்ளைப் படிவு கட்டும் உப்புத் தண்ணீர். கார்பாக்சில் ஏற்றிய ஜவ்வை அதில் கழுவினால், தண்ணீரிலுள்ள கால்சியம் அந்தக் கார்பாக்சில்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஜவ்வு உப்புவது குறையும், நேர்மின் மருந்துக்கு இடமும் குறையும். நீங்களோ ஆக்சிஜனேற்றம் சரியாக நடக்கவில்லை என்று நினைத்து டெம்போவைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். கழுவுவதெல்லாம் வாலைவடிநீரில் இருக்கட்டும். ஏற்கெனவே குழாய்த் தண்ணீர் பட்டுவிட்டால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, சோடியம் பைகார்பனேட் கரைசலில் போட்டு சோடியம் வடிவத்துக்குக் கொண்டுவரலாம்.

மாற்றம் ஜவ்வின் உள்வரை போனதா என்பதை யாரும் பார்ப்பதில்லை. வினை வெளிப்புறத்திலிருந்துதான் தொடங்கும். நேரம் போதாவிட்டால் மேல்தோலில் மட்டும் கார்பாக்சில் இருக்கும், நடுப்பகுதி பழைய செல்லுலோஸாகவே கிடக்கும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. மெத்திலீன் புளூ நேர்மின் கொண்ட நீலச் சாயம், எதிர்மின் கார்பாக்சிலில் ஒட்டிக்கொள்ளும். மாற்றிய துண்டையும் மாற்றாத துண்டையும் அதன் நீர்த்த கரைசலில் ஓர் இரவு முழுக்கப் போடுங்கள். காலையில் நீலம் கசிவது நிற்கும்வரை நன்றாக அலசி, பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மாற்றாத துண்டு ஏறக்குறைய வெளுத்திருக்கும். மாற்றியதில் நீலம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை சீராக இருந்தால் நல்லது. விளிம்பில் மட்டும் நீலக் கோடு தெரிந்தால் வினை உள்ளே போகவில்லை. எந்தக் கருவியும் தேவையில்லாத இந்தச் சோதனையின் படம் ஒன்றை அறிக்கையில் போட்டால், அது பல வரைபடங்களைவிட அதிகம் சொல்லும்.

எஃப்.டி.ஐ.ஆர் (அகச்சிவப்பு ஒளி உறிஞ்சல்) வரைபடத்தில் 1640 அலைஎண் பக்கம் ஒரு மேடு தெரிந்ததும் கார்பாக்சில் வந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். செல்லுலோஸில் ஒட்டியிருக்கும் தண்ணீரே அங்கேதான் மேடு காட்டும். கார்பாக்சிலேட் வருவது 1600-ஐ ஒட்டி, இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அமிலத்தில் நனைத்து, கழுவி, நன்றாக உலர்த்தி மறுபடி எடுங்கள். மேடு 1730 பக்கம் நகர்ந்தால் அது கார்பாக்சில்தான். எவ்வளவு இருக்கிறது என்பதைக் கடத்துத்திறன் டைட்ரேஷனில் கண்டுபிடிக்கலாம்.

உலர்த்துவதிலும் ஒரு எச்சரிக்கை. ஓவனில் உலர்த்திய ஜவ்வு மறுபடி நனைத்தாலும் பழைய அளவுக்கு உப்பாது, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். ஒரு மாதிரியை ஓவனிலும் இன்னொன்றை உறைஉலர்த்தியிலும் வைத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது மின்னூட்டத்தைப் பாருங்கள். எதிர்மின் கார்பாக்சில் ஜவ்வில் டைக்ளோஃபெனாக் போன்ற எதிர்மின் மருந்தை ஏற்றிவிட்டு ஏன் தங்கவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஜென்டாமைசின் நேர்மின் கொண்டது, நன்றாகப் பிடிக்கும். ஆனால் புறஊதா ஒளியை உருப்படியாக உறிஞ்சும் பகுதி அதில் இல்லை. நின்ஹைட்ரின் போன்ற ஒன்றோடு வினைபுரியவைத்த பிறகே அளக்க முடியும். நேராக யூ.வி.யில் வைத்து வரும் எண் ஜென்டாமைசினுடையது அல்ல.

மஞ்சள் நம் வீட்டு மருந்து என்பதால் அதிலுள்ள குர்குமினை எடுக்க ஆசை வருவது இயல்பு. அதில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. தண்ணீரில் அது கரையவே கரையாது என்று சொல்லலாம். 37 டிகிரியில், பி.ஹெச் 7.2 பாஸ்பேட் பஃபரில் அரை மணி நேரத்துக்குள் 90 சதவீதம் அளவுக்குச் சிதைந்துவிடுகிறது. ஆகவே பஃபரில் 425 நானோமீட்டர் ஒளியின் உறிஞ்சல் குறைவாக இருந்தால், மருந்து மெதுவாக வெளியேறுகிறது என்று அர்த்தமில்லை, வெளியேறியது அழிந்துகொண்டிருக்கலாம். ஜவ்வே இல்லாமல் குர்குமினை மட்டும் அதே பஃபரில் வைத்து, அதன் அளவு நேரத்தோடு எப்படிக் குறைகிறது என்று முதலில் பாருங்கள்.

மருந்து வெளியேறும் வேகத்தை அளக்கும் ரிலீஸ் சோதனையை வெறும் வாலைவடிநீரில் செய்வது இன்னொரு தவறு. அங்கே உப்பு இல்லாததால் மின்னூட்டப் பிடிப்பு இறுக்கமாக இருக்கும், வரைபடம் அழகாக மெதுவாக ஏறும். காயத்தின் நீரில் உப்பு உண்டு. 0.9 சதவீத உப்புக் கரைசலிலோ பாஸ்பேட் பஃபரிலோ போட்டால் சோடியம் போட்டிக்கு வந்து மருந்தைத் தள்ளிவிடும். டயாலிசிஸ் பையில் வைத்துச் செய்கிறவர்கள், பையே மருந்தைத் தாமதப்படுத்தும் என்பதால், வெறும் மருந்தை மட்டும் வைத்த பையையும் கூடவே ஓட்ட வேண்டும். மருந்து எந்த முறையில் வெளியேறுகிறது என்று கணிக்கும் கோர்ஸ்மேயர்–பெப்பாஸ் சமன்பாட்டை முதல் 60 சதவீத வெளியேற்றத்துக்கு மட்டுமே பொருத்தலாம். எல்லாப் புள்ளிகளையும் போட்டு வரும் அடுக்கு எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

கடைசியாக உடலைப் பற்றிய கூற்றுகள். ‘உடலில் தானாகக் கரைந்துவிடும்’ என்று எழுதாதீர்கள். செல்லுலோஸை உடைக்கும் நொதி மனிதனிடம் இல்லை. பெர்அயோடேட் செய்தது கொஞ்சம் சிதையும், ஆனால் மிச்சமிருக்கும் ஆல்டிஹைடு செல்களுக்கு நஞ்சாகலாம். ஐ.எஸ்.ஓ 10993-5 என்ற செல் நச்சுச் சோதனை முறையில் செல் உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அது நச்சுத்தன்மையின் அறிகுறி. இன்னொன்று, இது கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா. ஆட்டோகிளேவில் போட்டால் கிருமி சாகும், அதன் மேலுறையிலுள்ள எண்டோடாக்சின் என்ற, காய்ச்சல் தரும் நச்சு அழியாது. சூடான சோடியம் ஹைட்ராக்சைடு அதைப் பெருமளவு குறைக்கும். உடலுக்குள் வைக்கும் சாதனம் ஒன்றுக்கு வழக்கமான வரம்பு 20 எண்டோடாக்சின் யூனிட். நன்றாகச் சுத்தம் செய்த ஜவ்வைப் பல நாள் நின்ற வாலைவடிநீரில் அலசினால், அந்தத் தண்ணீரில் வளர்ந்த கிருமியின் எண்டோடாக்சின் திரும்ப ஏறிவிடும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி போடுவதற்கான நீரை வாங்கிக்கொள்ளுங்கள்.