கருத்துக் கேட்புக் கூட்டமா? பக்க எண்ணோடு எழுதிக் கொடுங்கள்

சூழல் அமைப்பில் சேர்ந்ததும் கையில் எடுக்கத் தகுந்த முதல் வேலை: அனல் மின் நிலையம், சுரங்கம் போன்ற திட்டங்களுக்கான கருத்துக் கேட்புக்கு முன்பே ஆட்சேபத்தை எழுத்தில் தருவது. ஒவ்வொரு கேள்விக்கும் வரைவு அறிக்கையின் (திட்டத்தால் சூழலுக்கு என்ன பாதிப்பு என்று நிறுவனம் தரும் அறிக்கை) பக்க எண்ணைக் குறியுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாம்பல் எங்கே போகிறது, காற்று, நீர் போன்றவற்றின் அளவீடு எந்த மாதங்களில் எடுத்தது ஆகிய மூன்றில் தொடங்கலாம். மழைக்காலத்தைத் தவிர்த்து ஒரே பருவத்தில் அளந்திருப்பார்கள். வெள்ளம் வடியும் பாதை அதில் தெரியாது.

மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, எழுப்பப்பட்ட முக்கியமான சூழல் கவலைகளுக்கு நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் தர வேண்டும். 'திட்டமே வேண்டாம்' என்பதை ஒரு வரியில் கடந்துவிடலாம், பக்க எண்ணுள்ள கேள்வியை அப்படித் தள்ள முடியாது. மேடையில் ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது!

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. தமிழ்ச் சுருக்கமும் முழு வரைவும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும். சுருக்கத்தோடு நிற்காதீர்கள், எண்கள் எல்லாம் முழு வரைவில்தான். மனுவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிப்பார்கள், அதுவரை கிளம்பாதீர்கள்.

கட்டுமானத் திட்டங்கள், பி2 வகை (தாக்க மதிப்பீட்டு அறிக்கையே தேவைப்படாதவை), கூடுதல் நிலம் எடுக்காத சாலை விரிவாக்கம் ஆகியவற்றுக்குக் கருத்துக் கேட்பே கிடையாது. சுற்றுச்சூழல் அனுமதி வழங்கியாகிவிட்டால், சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்தான் வழி, 30 நாளுக்குள் மேல்முறையீடு.