வெர்மென்டினோ ஒயின்: குடிக்கிறப்பவும் கூட சாப்பிடுறப்பவும் பண்ணக்கூடாத தப்புங்க

இத்தாலி வெள்ளை ஒயின்னாலே நிறைய பேருக்கு பினோ கிரிஜியோதான் ஞாபகம் வரும், ஆனா கடல் சாப்பாட்டுக்கு என்னைக் கேட்டா நான் வெர்மென்டினோன்னுதான் சொல்வேன். சார்டினியா தீவுலயும் லிகூரியா கடற்கரையிலயும் விளையுற திராட்சை இது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசனை, நாக்குல லேசா உப்பு, முழுங்கினப்புறம் பாதாமோட சின்ன கசப்பு. அந்த உப்பும் கசப்பும்தான் இதோட உயிரே, நாம பண்ற முக்கால்வாசி தப்பு அதை அமுக்கிடுது.

முதல்ல குளிர வைக்கிறது. ஃப்ரீசர்ல போட்டு ஜில்லுன்னு எடுத்தா வாசனை மொத்தமா அடங்கிடும், கசப்பு மட்டும் தனியா துருத்திக்கிட்டு நிக்கும். 8லேர்ந்து 12 டிகிரிக்குள்ள இருந்தா போதும், அதாவது ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்து ஒரு கால் மணி நேரம் வெளிய வெச்சுட்டு ஊத்துங்க. கிளாஸ்ல ஐஸ் கட்டி மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம்.

அடுத்தது லேபிள் பாக்காம வாங்குறது. "வெர்மென்டினோ தி சார்டேனியா"ன்னா தீவுல எங்க விளைஞ்சதாவும் இருக்கலாம், லேசா இருக்கும், தினப்படி சாப்பாட்டுக்கு நல்லாவே இருக்கும். "வெர்மென்டினோ தி கல்லுரா"ன்னா வடகிழக்கு மூலைல கிரானைட் மண்ணுல விளைஞ்சது, கொஞ்சம் கனமா ஆழமா இருக்கும். 1996ல டிஓசிஜி தகுதி, அதாவது இத்தாலி ஒயினுக்குக் குடுக்குற உச்ச தர முத்திரை, கிடைச்சது இதுக்குத்தான், சார்டினியாவுல அந்த தகுதி வேற எந்த ஒயினுக்கும் இல்ல. வருஷத்தையும் பாருங்க, பழசானா மதிப்பு கூடும்னு நெனச்சு சாதாரண பாட்டிலை பத்திரப்படுத்தினா அந்த புத்துணர்ச்சி போயிடும், ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள குடிச்சுடுறது நல்லது.

சாப்பாட்டுலதான் பெரிய தப்பே நடக்குது. லிகூரியாவுல இதுக்கு ஜோடி பெஸ்டோ, பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, சீஸ், ஆலிவ் ஆயில் எல்லாம் சேத்து இடிச்சது. அதை வாணலில போட்டு வதக்குறாங்க பாருங்க, அதைப் பாத்தா மனசே கேக்காது, சூட்டுல பேசில் கருத்து வாசனை செத்துடும். அங்க ட்ரோஃபியே பாஸ்தாவை உருளைக்கிழங்கு, பீன்ஸோட ஒரே தண்ணில வேக வெச்சு வடிச்சு, அந்த தண்ணிலயே ரெண்டு ஸ்பூன் விட்டு பெஸ்டோவை இளக்கி, அடுப்பை அணைச்சப்புறம்தான் கலப்பாங்க. க்ரீம் சேக்கவே சேக்காதீங்க, ஒயின் வெறும் புளிச்ச தண்ணியா தெரியும்.

சார்டினியா பக்கம் போத்தார்கான்னு ஒண்ணு, மடவை மீன் சினையை உப்பு போட்டு அழுத்தி காய வெச்சது. ஸ்பகெட்டி மேல துருவி போட்டு வெர்மென்டினோவோட சாப்பிட்டா உப்புக்கு உப்பு அவ்ளோ அழகா சேரும். இதையும் வேக வைக்கக் கூடாது, கடைசில தூவணும், மேல இன்னொரு உப்பா சீஸ் வேற எதுக்கு? மட்டி போட்ட ஃபிரேகோலா (சின்ன சின்ன உருண்டையா இருக்குற சார்டினியா பாஸ்தா), பொரிச்ச கணவாய், நெத்திலி எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு சேக்கலாம்.

இனிப்பு சாஸ் ஊத்தின சிக்கன், காரம் தூக்கலான ஐட்டம் ரெண்டும் ஒத்து வராது, இனிப்புல ஒயின் புளிக்கும், காரத்துல ஆல்கஹால் தொண்டையை எரிக்கும்.

தொறந்த பாட்டிலை மூடாம மேஜைலயே விட்டுடாதீங்க. மூடி ஃபிரிட்ஜ்ல வெச்சா ரெண்டு நாள் தாங்கும், அப்பவும் மிச்சம் இருந்தா மட்டி வேக வைக்கிறப்ப பூண்டோட அரை கிளாஸ் ஊத்திடுங்க.