மழை எச்சரிக்கையைச் செய்தியாக எழுதுவது எப்படி?

வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை கைக்கு வந்தவுடன் தலைப்பைத் தேட வேண்டாம். அது எத்தனை மணிக்கு வெளியானது, எந்த நாளுக்கான கணிப்பு என்பவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். புயல் நெருங்கும்போது கணிப்பு ஒரே நாளில் பலமுறை திருத்தப்படுவதால், நேரம் குறிப்பிடாத செய்தி வாட்ஸ்அப்பில் பரவிவிட்டால் பழையது எது, புதியது எது என்று யாராலும் பிரித்தறிய முடியாது.

அறிக்கையின் சொற்களுக்கு வரையறுக்கப்பட்ட அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. ஆகவே கனமழையைப் 'பேய்மழை' என்று தலைப்பில் ஏற்றுவது அளவையே மாற்றிவிடும். இதைவிட அதிகம் நேரும் பிழை வேறொன்று. 'ஓரிரு இடங்களில்' என்றால், அப்பகுதியின் மழை அளவீட்டு நிலையங்களில் கால் பங்குக்கு மிகாத இடங்களில் என்று பொருள். 'ஐந்து மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை' என்பதை 'ஐந்து மாவட்டங்களில் கனமழை' என்று சுருக்கினால், மறுநாள் தம் தெருவில் வெயிலைக் காணும் வாசகர் ஆய்வு மையத்தைத்தான் குறை சொல்வார். சுருக்கிய உதவி ஆசிரியர் தப்பிவிடுவார்.

நிற எச்சரிக்கைகளில் மஞ்சள் கவனமாயிருக்கவும், ஆரஞ்சு ஆயத்தமாகவும், சிவப்பு நடவடிக்கையில் இறங்கவும் சொல்கின்றன. நிறத்தோடு நிறுத்தாமல், தாழ்வான பகுதியில் இருப்பவரும் கடலுக்குச் செல்பவரும் என்ன செய்ய வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு எழுதுங்கள்.

புயலின் பாதையை ஒற்றைக் கோடாக வரையாதீர்கள். கணிப்பு எவ்வளவு விலகக்கூடும் என்பதைக் காட்டும் நிழற்பகுதியையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

அளவுகளைக் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றித் தருவதும் பயன் தரும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் பதிவான 95 சென்டிமீட்டர், நூறு சதுர மீட்டர் மொட்டைமாடி ஒன்றில் ஏறத்தாழ 95,000 லிட்டர் கொட்டியதற்குச் சமம். அந்த அளவு 18-ஆம் தேதி காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்துக்குரியது. நாள் மழை அவ்வாறே கணக்கிடப்படுவதால், '18-ஆம் தேதி பெய்த மழை' என்று எழுதினால் முந்தைய நாள் பெய்ததும் அதில் கலந்துவிடும்.

மழை ஓய்ந்த பின், கணித்த அளவையும் பதிவான அளவையும் அருகருகே வைத்து ஒரு செய்தி வெளியிடுங்கள். கணிப்பு தவறியிருந்தால் அதன் காரணத்தை ஆய்வு மைய அதிகாரியிடமே கேட்டு, அவருடைய விளக்கத்தையும் அதில் சேருங்கள்.