பின்லாந்துப் போர்ப்படம் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்பது எப்படி: திருகோணமலையிலிருந்து சில குறிப்புகள்

முப்பது நாற்பது பேரை ஒரு மண்டபத்தில் அமர்த்தி, 'அறியப்படாத போர்வீரன்' என்னும் பின்லாந்துப் போர்ப்படத்தைத் திரையிட்டு, பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைக் கேட்டுத் தொகுக்க விரும்புவோருக்காக இக்குறிப்புகளை எழுதுகிறேன். திரையிடுவது எளிது, கேட்பதுதான் சிரமம். விளக்கைப் போட்டவுடன் "படம் எப்படி?" என்று கேட்டால், "நல்லம்" என்ற ஒரு சொல்லோடு பாதிப் பேர் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் சிறிய வட்டம் முதன்முறை இந்தப் பிழையைத்தான் செய்தது.

முதலில் அந்தப் பெயரில் உள்ள எந்தப் படம் என்பதை நிச்சயித்துக்கொள்ளுங்கள். வைனோ லின்னா 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அறியப்படாத போர்வீரன்' என்னும் நாவல், 1955இல் எட்வின் லைனேயாலும், 1985இல் ரவுனி மொல்பெர்க்காலும், 2017இல் அகு லொவ்ஹிமியெஸாலும் என மூன்று தடவைகள் படமாக்கப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் பார்வையாளர் கருத்துகளில் எது எந்தப் படத்தைப் பற்றியது என்று தெரியாமல் குழம்புவது வழமை. முதலாவது கறுப்பு வெள்ளைப் படம். மூன்றாவது, ரொக்கா என்னும் போர்வீரன் விடுப்பில் வீட்டுக்குச் சென்று மனைவி பிள்ளைகளோடு இருக்கும் காட்சிகளுக்கும் இடம் கொடுத்தது. அதே 2017ஆம் ஆண்டுப் படத்துக்கு ஏறத்தாழ மூன்று மணித்தியால முழுப் பதிப்பும், வெளிநாடுகளுக்காகச் சுருக்கிய பதிப்பும் உண்டு. "ஆட்கள் திடீரென்று வருகிறார்கள், திடீரென்று காணாமற் போகிறார்கள்" என்று ஒருவர் குறை சொன்னால், அது இயக்குநரின் குறையா கத்தரிக்கோலின் குறையா என்று அறிய, நீங்கள் காட்டிய பதிப்பைக் கொப்பியின் முதல் வரியிலேயே குறித்து வைத்திருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால், மஃரிப் தொழுகைக்குச் செல்பவர்களும் மூதூர், கிண்ணியா பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களும் பேசிவிட்டுப் போக அவகாசம் இருக்கும். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

படத்துக்கு முன்னுரை பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் இல்லாமல் இந்தப் படத்தைக் காட்டவும் கூடாது. கரும்பலகையில் சில தேதிகளை மட்டும் எழுதுங்கள். 1939 நவம்பர் 30 அன்று சோவியத் ஒன்றியம் பின்லாந்தைத் தாக்கியது. குளிர்காலப் போர் எனப்படும் அந்தப் போர் 105 நாட்கள் நீடித்து 1940 மார்ச்சில் முடிந்தது. 1941 ஜூனில் பின்லாந்து ஜேர்மனியோடு சேர்ந்து மீண்டும் போரில் இறங்கியது. தொடர்ச்சிப் போர் எனப்படும் இது 1944 செப்டெம்பர் வரை நடந்தது. படம் காட்டுவது இந்த இரண்டாவது போரையே. போரின் முடிவில் பின்லாந்து தன் நிலத்தில் பத்தில் ஒரு பங்களவை இழந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். ரொக்காவின் வீடு, முதற்போரில் இழந்து, இடையில் திரும்பப் பெற்று, பின்னர் மறுபடியும் இழந்த அந்தக் கரேலிய நிலத்தில்தான் இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால், அவன் வீட்டைப் பார்க்கும் பார்வை எவருக்கும் விளங்காது.

எங்கள் ஊருக்கென்று ஒரு தேதியையும் நான் சேர்ப்பதுண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தைத் தெரியாதவர் இங்கு இல்லை. பிரித்தானியா 1941 டிசெம்பர் 6 அன்று, அதாவது பின்லாந்தின் சுதந்திர தினத்தன்றே, பின்லாந்தின்மீது போர்ப் பிரகடனம் செய்திருந்தது. ஆகவே திரையில் நாம் இரங்கிப் பார்க்கும் அந்தப் பொடியன்களின் நாடு, இந்தத் துறைமுகத்தை அன்று வைத்திருந்த அரசுக்கு ஏட்டளவில் எதிரி நாடாக இருந்தது. இதைக் கேட்டதும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழும். அதுவரை தூரதேசத்துக் கதையாக இருந்தது பக்கத்து வீதிக்கு வந்துவிடும்.

முன்னுரையில் கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொன்று மொழி பற்றியது. நாவலின் போர்வீரர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பேச்சில் பேசுகிறார்கள். ஹியத்தானென் தென்மேற்குக்காரன், ரொக்கா கரேலியக்காரன். ஆங்கில உபதலைப்பில் இவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்போல் ஆகிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, முன்னிலைச் சொல்லில் ஏற்படுகிறது. பின்னிஷ் மொழியிலும் தமிழில் 'நீ', 'நீங்கள்' இருப்பதுபோல் இரண்டு வடிவங்கள் உண்டு; இராணுவத்தில் அதிகாரியிடம் மரியாதை வடிவமே பேச வேண்டும். ரொக்காவோ எவரிடமும், மேலதிகாரி உட்பட, தன் ஊர்ப் பேச்சின் 'சியே' என்ற சொல்லையே, அதாவது 'நீ' என்பதையே, பயன்படுத்துகிறான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால், உபதலைப்பை மட்டும் வாசிப்பவர் இந்தத் துணிச்சலைத் தவறவிடுகிறார். "ரொக்கா அதிகாரியோடு பேசும்போது எழுத்தை விட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள், 'சியே' என்று கேட்கும்" என்று முன்கூட்டியே சொன்னேன். கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் 'நீ', 'நீர்', 'நீங்கள்' ஆகிய மூன்றுக்கும் இடையிலான தூரத்தை அளந்து அளந்து பேசி வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு, அந்த ஒரு அசையே போதுமாக இருந்தது.

பதுங்குகுழிக்குச் செல்லும் பாதையோரத்தில் உருண்டைக் கற்களை அடுக்கி அழகுபடுத்தும்படி லம்மியோ என்னும் அதிகாரி கட்டளையிட, ரொக்கா மறுக்கும் காட்சி இதற்கு நல்ல சோதனை. முன்னுரை இல்லாமல் பார்த்த தடவை இரண்டொருவரே சிரித்தார்கள். அடுத்த தடவை ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார் என்றால் நாங்கள் பூச்சட்டிக்கு வெள்ளையடித்தோம், தம்பி, மாட்டேன் என்று சொல்ல எங்களில் ஒருவனும் இருக்கவில்லை" என்று அவர் பின்னர் சொன்னது, அன்று கிடைத்த கருத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது.

படம் முடிந்ததும் உடனே பேசவிடாதீர்கள். தேநீர் கொடுங்கள், ஆளுக்கொரு துண்டுச்சீட்டும் பென்சிலும் கொடுங்கள். சீட்டில் இரண்டு கேள்விகள் போதும்: மனத்தில் நிற்கும் காட்சி எது, நம்ப முடியாமல் இருந்தது எது. பெயர் எழுதச் சொல்ல வேண்டாம். எழுதுவதற்கு முன் பேசவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் முதல் கூட்டமே சாட்சி. குரல் உரத்த ஒருவர் எழுந்து "படம் இழுவை" என்றார். அதன்பின் பேசிய ஏழு பேரும் அதையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். மறுமுறை சீட்டை முதலில் வாங்கியபோது, அதே நபர் மறுபடியும் இழுவை என்றே சொன்னார், ஆனால் சீட்டுகளில் பெரும்பாலானவை, காவலுக்குச் செல்ல மறுத்த இரு வீரர்களைச் சொந்த இராணுவமே சுட்டுக்கொல்லும் காட்சியைக் குறித்திருந்தன. அந்தக் காட்சியைப் பற்றி வாய்திறந்து பேசியவர் ஒருவரும் இல்லை.

சீட்டுகளைப் பிரிக்கும்போது மூன்று குவியல்களாக வையுங்கள். படத்தைப் பற்றிய கருத்து ஒன்று. பின்லாந்தின் வரலாற்றைப் பற்றிய கருத்து இன்னொன்று. பார்த்தவர் தம் வாழ்வைப் பற்றி எழுதியது மூன்றாவது. "எல்லோரும் ஒரே சீருடை, யார் யாரென்று தெரியவில்லை" என்பது முதற்குவியல். இக்குறை அடிக்கடி வரும். கொஸ்கெலா, ஹியத்தானென், ரொக்கா, லம்மியோ முதலிய எட்டுப் பத்துப் பெயர்களை ஒரு தாளில் அச்சிட்டு முன்னரே கொடுத்தால் பாதியாகக் குறையும். "ஹிட்லரோடு சேர்ந்து போரிட்டவர்களுக்காக நான் ஏன் அழ வேண்டும்?" என்பது இரண்டாம் குவியல். இதை மழுப்பாமல் எடுத்துப் பேச வேண்டும். தங்கள் இழந்த நிலத்தை மீட்கப் புறப்பட்டவர்கள் பழைய எல்லையையும் கடந்து முன்னேறியது வரலாறு. எல்லையைக் கடக்கும் இடத்தைப் படமும் காட்டுகிறது. நாவல் வெளிவந்த காலத்தில், அதிகாரிகளையும் தொண்டர் பெண்களையும் அது காட்டிய விதத்துக்காகப் பின்லாந்திலேயே கண்டனம் எழுந்தது என்பதையும் சொல்லுங்கள்; அந்நாட்டவர் எல்லோரும் ஒரே குரலில் இதைக் கொண்டாடினார்கள் என்ற எண்ணம் நீங்கும்.

மூன்றாம் குவியலைக் கையாள்வதில்தான் நிதானம் வேண்டும். இந்த மாவட்டத்தில் நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் ஷெல் சத்தத்தைத் திரைப்படம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. "உங்கள் அனுபவத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்" என்று நான் எவரையும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தாமாகச் சொன்னால் கேளுங்கள், குறிப்பெடுக்கும் பேனையை அப்போது கீழே வையுங்கள். இடையில் எழுந்து வெளியே செல்பவரைத் தடுக்காதபடி கதிரைகளை வாசலுக்கு வழிவிட்டு அடுக்குங்கள். மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் பின்வாங்கல் காட்சிகள் முழுவதையும் விறாந்தையில் இருந்துகொண்டே, சத்தத்தை மட்டும் கேட்டு முடித்தார். பின்னர் உள்ளே வந்து, "அந்தப் பெண் வீட்டைப் பூட்டினாளா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை நான் எந்தக் குவியலிலும் வைக்கவில்லை.

வெளிநாட்டுப் பார்வையாளர் கருத்துகளோடு உங்கள் தொகுப்பை ஒப்பிட எண்ணினால், ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட்டாக வேண்டும். 1955ஆம் ஆண்டுப் படம் பின்லாந்தில் ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் தொலைக்காட்சியில் காட்டப்படுகிறது. அங்குள்ள ஒருவர் 2017ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றிச் சொல்லும் கருத்து, பெரும்பாலும் பழைய ரொக்காவுக்கும் புதிய ரொக்காவுக்கும் இடையிலான ஒப்பீடாகவே இருக்கும். நம்மவர்கள் முதன்முறை பார்ப்பவர்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து புள்ளி போட்டால் கணக்குப் பிழைக்கும்.

அறிக்கையை எழுதும்போது, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சீட்டுகள் திரும்பின, எத்தனை வெறுமையாக வந்தன என்பதை முதலில் எழுதுங்கள். வெற்றுச் சீட்டுகளை எறிந்துவிட வேண்டாம். எங்களுக்கு ஒரு தடவை ஆறு வந்தன. சொன்னவரின் சொல்லை இலக்கணத் தமிழுக்கு மாற்றாமல் அப்படியே எடுங்கள். 'இழுவை' என்பதை 'மெதுவான கதைநகர்வு' என்று நீங்கள் எழுதினால் அது உங்கள் கருத்தாகிவிடும். அச்சிடுவதற்கு முன், அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் முழுவதையும் உரக்க வாசித்து, எவராவது தம் வரியை எடுத்துவிடச் சொன்னால், காரணம் கேட்காமல் அங்கேயே வெட்டிவிடுங்கள்.